விலைக்கு வாங்கிய டிராஃபிக் நிஜமா, போலியா: வாங்கிச் சோதித்துப் பார்த்த விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விவரம் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியோடு போய்விடலாம். "உங்கள் தளத்துக்கு நிஜ மனிதர்கள், நூறு சதவீத உத்தரவாதம்" என்று விளம்பரப்படுத்தும் ஒரு சேவையில் 10,000 வருகைகள் கொண்ட பேக்கேஜ் வாங்கினேன். சொன்ன எண்ணிக்கை சொன்ன நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் அதில் மனிதர் என்று நம்பத்தக்க ஒரே ஒரு வருகையைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. ஐந்துக்கு ஒன்று. இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இடத்தில் பாப்-அண்டர் (பார்க்கும் ஜன்னலுக்குப் பின்னால் திறக்கும்) வகை டிராஃபிக் வாங்கினேன். அங்கே மனிதர்கள் இருந்தார்கள், என் பக்கத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு.

போலியாக இருக்கும் என்று தெரிந்தே ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். புதிதாகத் தளம் தொடங்கும் பலர் இதில் பணம் போடுகிறார்கள், அனலிட்டிக்ஸில் (வருகைகளை எண்ணிக் காட்டும் கருவியில்) கோடு மேலே ஏறியதும் சந்தோஷப்படுகிறார்கள், பிறகு "இத்தனை பேர் வந்தும் ஒருவர்கூட எதையும் வாங்கவில்லையே, என் எழுத்தில்தான் குறை போலிருக்கிறது" என்று தங்கள் மீதே சந்தேகப்பட்டு நல்ல தளத்தை மூடிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் பணம் போவதைவிட அதுதான் பெரிய வருத்தம். குறை எழுத்தில் இல்லை, வந்தது ஆளே இல்லை என்பதை அவர்களே தங்கள் சர்வரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். எப்படி என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்டர் படிவத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. எந்த நாடு வேண்டும், மொபைலா டெஸ்க்டாப்பா என்று கேட்பது சரி, எந்த விளம்பர நிறுவனமும் அதைக் கேட்கும். அடுத்த கட்டங்களைப் பாருங்கள்: வருகையாளர் எங்கிருந்து வந்ததாக அனலிட்டிக்ஸில் தெரிய வேண்டும், கூகுள் தேடலா, ஃபேஸ்புக்கா, நேரடியா, அல்லது நீங்கள் கொடுக்கும் வேறு முகவரியா, ஒவ்வொருவரும் எத்தனை நொடி இருக்க வேண்டும், எத்தனை பக்கம் பார்க்க வேண்டும், பவுன்ஸ் ரேட் (வந்ததும் திரும்பிப் போவோர் விகிதம்) எவ்வளவு இருக்க வேண்டும். ஒரு மனிதர் என் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதை அந்த மனிதர்தான் முடிவு செய்வார். வாசகர் அலுத்துப்போய் பின்னால் போவதை எந்த விற்பனையாளராலும் தடுக்க முடியாது. பவுன்ஸ் ரேட்டை முன்கூட்டியே எழுதித் தர முடிகிறது என்றால் வருகையாளரின் கையும் கண்ணும் விற்பவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றுதான் பொருள், அதாவது அது ஸ்கிரிப்ட், தானாக ஓடும் நிரல். இந்தக் கட்டங்கள் உள்ள படிவத்தைப் பார்த்தாலே போதும், மேற்கொண்டு எந்தச் சோதனையும் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் வாங்கினேன், ஏனென்றால் கருத்தை வைத்து யாரையும் நம்பவைக்க முடியாது, சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவான லாகை வைத்துத்தான் முடியும்.

வாங்குவதற்கு முன்னால் செய்த ஏற்பாடு முக்கியம். என் தளத்தில் கடன் வட்டி கணக்கிடும் ஒரு கருவி இருக்கிறது, தொகை, வட்டி விகிதம், காலம் மூன்றையும் நிரப்பினால் மாதத் தவணை எவ்வளவு என்று சொல்லும். அதே கருவியைப் புதிதாக ஒரு முகவரியில் நகல் எடுத்து வைத்தேன். அந்த முகவரிக்குத் தளத்தில் வேறு எங்கிருந்தும் இணைப்பு கிடையாது. நோஇண்டெக்ஸ் குறியும் போட்டுவிட்டேன், அதனால் கூகுள் தேடலில் அந்தப் பக்கம் வரவே வராது. விற்பவரிடம் கொடுத்த முகவரியில் மட்டும் யூடிஎம் குறி (எங்கிருந்து வந்தது என்று காட்ட முகவரியோடு ஒட்டுவது) சேர்த்திருந்தேன். இப்படிச் செய்தால் அங்கே வரும் ஒவ்வொரு கோரிக்கையும் வாங்கிய சரக்குதான் என்பதில் சந்தேகமே இருக்காது. பலர் முகப்புப் பக்கத்துக்கே டிராஃபிக் வாங்குகிறார்கள், அப்புறம் எது பழைய வாசகர், எது வாங்கியது என்று பிரிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

படிவத்தில் "கூகுள் தேடல்" என்பதைப் பாதிக்கும் "ஃபேஸ்புக்" என்பதை மீதிக்கும் தேர்ந்தெடுத்தேன். பார்க்கும் நேரம் இரண்டு நிமிடம்.

ஆர்டர் ஓடத் தொடங்கியதும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4இன் நேரலைத் திரை அழகாக நிரம்பியது. என்கேஜ்மென்ட் ரேட் கிட்டத்தட்ட முழுமை. இது எப்படி என்று புரிந்துகொள்ள வேண்டும்: அனலிட்டிக்ஸ் 4இல் ஒரு செஷன் 10 நொடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கம் பார்க்கப்பட்டாலோ, நீங்கள் முக்கியம் என்று குறித்த ஒரு செயல் நடந்தாலோ அது "என்கேஜ்டு" என்று எண்ணப்படும். பவுன்ஸ் ரேட் என்பது அதன் மறுபக்கம், அவ்வளவுதான். ஆக, ஒரு ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்துவிட்டுச் சும்மா காத்திருந்தாலே அது ஆர்வமுள்ள வாசகர் ஆகிவிடும். தெரிந்த பாட்களை (தானியங்கி நிரல்களை) அனலிட்டிக்ஸ் தானாகவே விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் அது தன்னை பாட் என்று அறிவித்துக்கொள்ளும், பட்டியலில் உள்ள பாட்களுக்குப் பொருந்தும். குரோம் என்று சொல்லிக்கொண்டு வருவதை அந்தப் பட்டியல் ஒன்றும் செய்யாது. வாங்கிய டிராஃபிக்கை அனலிட்டிக்ஸ் திரையை வைத்தே மதிப்பிடுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அந்தத் திரையில் நல்லபடியாகத் தெரிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது.

சரி, சர்வர் லாகுக்குப் போவோம். ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனலில் "ரா ஆக்சஸ் லாக்" என்ற பெயரில் பெரும்பாலும் இருக்கும், பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, நேரம், என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது, எத்தனை பைட், ரெஃபரர் (எங்கிருந்து வந்தது), யூசர் ஏஜென்ட் (எந்த ப்ரவுசர், எந்தச் சாதனம்) இருக்கும். நிஜமான ஒருவர் கருவிப் பக்கத்தைத் திறந்தால் லாகில் ஒரு கொத்தாகக் கோரிக்கைகள் விழும்: முதலில் பக்கம், அடுத்த நொடிக்குள் சிஎஸ்எஸ் (அலங்காரக் கோப்பு), எழுத்துரு, கணக்குப் போடும் ஸ்கிரிப்ட், லோகோ, டேப்பில் தெரியும் சின்ன ஐகான். அவர் மறுநாள் திரும்பி வந்தால் ஏற்கெனவே கையில் இருக்கும் கோப்புகளை ப்ரவுசர் கேட்காமல் விடும் அல்லது "மாறவில்லை" என்ற 304 பதில் வரும்.

வாங்கிய வருகைகளில் இந்தக் கொத்து இல்லை. 14:03:07க்கு ஓர் ஐபி பக்கத்தைக் கேட்கிறது, 200 (சரி) என்ற பதிலோடு வாங்கிக்கொள்கிறது, முடிந்தது. 14:03:15க்கு வேறு ஓர் ஐபி, அதே பக்கம், அதே போல. அப்புறம் 14:03:24. அப்புறம் 14:03:32. படம் கேட்கவில்லை, சிஎஸ்எஸ் கேட்கவில்லை, எழுத்துரு கேட்கவில்லை. ப்ரவுசரை ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டுபவர்கள் செலவைக் குறைக்க இவற்றையெல்லாம் தடுத்துவிடுவார்கள், அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட்டை மட்டும் ஓட விடுவார்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் பார்ப்பது அதைத்தான். இரண்டு நிமிடம் என் பக்கத்தில் "இருந்த" வருகையாளர், அலங்காரமே இல்லாத ஒரு வெறும் எழுத்துக் குவியலை இரண்டு நிமிடம் பார்த்தார் என்றாகிறது.

அந்த நேர இடைவெளியைக் கவனித்தீர்களா? பேக்கேஜ் ஒரே நாளில் டெலிவரி. ஒரு நாளுக்கு 86,400 நொடி, அதை 10,000 ஆல் வகுத்தால் 8.64. லாகில் எட்டு நொடி, ஒன்பது நொடி, எட்டு நொடி என்று விழுந்துகொண்டிருந்தது அதுதான். நள்ளிரவில் அதே வேகம், விடிகாலையில் அதே வேகம், மதியத்தில் அதே வேகம். மனிதர்கள் தூங்குவார்கள், வேலைக்குப் போவார்கள். ஒரே நாட்டிலிருந்து வரும் டிராஃபிக் என்றால் இரவில் பள்ளமும் பகலில் மேடும் இருந்தே தீரும். மணிவாரியாகப் பிரித்து வரைந்து பார்த்தேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. வேறு எதையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இடையிடையே அந்த வரிசையில் ஓட்டை இருந்தது, ஒரு வருகை விழ வேண்டிய இடம் காலி. அனலிட்டிக்ஸில் மட்டும் அந்த நேரத்தில் வருகை பதிவாகியிருக்கிறது. தளத்துக்கே வராமல் அனலிட்டிக்ஸில் எப்படி வர முடியும் என்றால், நம் அளவீட்டு ஐடி பக்கத்தின் சோர்ஸில் எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கூகுளின் சர்வருக்கு நேராக "இந்தப் பக்கத்துக்கு ஒருவர் வந்தார்" என்று தகவல் அனுப்பிவிடலாம். ப்ரவுசர்கூட வேண்டாம். இங்கே ஒரு எளிய விதி கிடைக்கிறது. விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கும் வாசகர்கள் பலர் என்பதால், சாதாரணமாக லாகில் தெரியும் மனிதர்களைவிட அனலிட்டிக்ஸில் குறைவாகத்தான் தெரியும். தலைகீழாக, அனலிட்டிக்ஸில் இருப்பது லாகில் இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். ஒரு எச்சரிக்கை: தளத்துக்கு முன்னால் சிடிஎன் (பக்கத்தின் நகலை வைத்திருந்து கொடுக்கும் இடைச் சேவை) இருந்து பக்கத்தை அதுவே கேஷிலிருந்து கொடுத்தால் உங்கள் சர்வர் லாகில் நிஜ வாசகர்களும் தெரிய மாட்டார்கள். அப்படியானால் சிடிஎன்னின் லாகைத்தான் பார்க்க வேண்டும்.

யூசர் ஏஜென்ட் விஷயம் எனக்கு மிகவும் பிடித்த தடயம், பலருக்குத் தெரியாது. குரோம் 2023 முதல் தன் யூசர் ஏஜென்ட்டில் விவரங்களைக் குறைத்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோம், போன் எந்த மாடலாக இருந்தாலும் "ஆண்ட்ராய்டு 10, கே" என்றுதான் சொல்லும், பதிப்பு எண்ணிலும் முதல் பகுதிக்குப் பின் வெறும் பூஜ்யங்கள்தான் இருக்கும். அதனால் இன்றைய நிஜ லாகில் மொபைல் வரிகள் ஒன்றைப் போலவே ஒன்று சலிப்பாக இருக்கும். வாங்கிய டிராஃபிக்கிலோ வகைவகையான போன் மாடல்கள், முழு நீளப் பதிப்பு எண்கள், பல வருடம் பழைய குரோம்கள். எங்கிருந்தோ எடுத்த பழைய பட்டியலிலிருந்து சுழற்றி விடுகிறார்கள். குரோம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள், இத்தனை பழைய பதிப்புகள் இத்தனை விகிதத்தில் ஒரே நாளில் ஒரே பக்கத்துக்கு வர வாய்ப்பில்லை. ஆனால் செயலிகளுக்குள் திறக்கும் உள்-ப்ரவுசர்கள் இன்னும் மாடல் பெயரைச் சொல்லலாம், அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டுப் பாருங்கள்.

கூகுள் தேடலிலிருந்து வந்ததாகக் காட்டிய பாதிக்கு விளக்கமே தேவையில்லை. அந்தப் பக்கம் கூகுளில் இல்லை. இல்லாத தேடல் முடிவை ஒருவர் கிளிக் செய்து வர முடியாது. ரெஃபரர் என்பது வருபவர் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு வரி, அதில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். உங்களிடம் ஏற்கெனவே பொதுவில் இருக்கும் பக்கத்துக்கு யாராவது "ஆர்கானிக்" (தேடலிலிருந்து இயல்பாக வரும்) டிராஃபிக் விற்றால் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியும் கிளிக் எண்ணிக்கை கூகுள் தன் பக்கத்தில் எண்ணியது, உங்கள் தளத்தில் நடப்பதை வைத்து எண்ணியது இல்லை. அனலிட்டிக்ஸில் ஆயிரக்கணக்கில் கூகுள் வருகையும் சர்ச் கன்சோலில் பழைய அதே கிளிக் எண்ணிக்கையும் இருந்தால் கேஸ் முடிந்தது. தகவல் வர ஓரிரு நாள் தாமதமாகும், அது மட்டும்தான்.

ஃபேஸ்புக் பாதியும் அதே கதைதான், வேறு விதத்தில். ஃபேஸ்புக்கில் ஓர் இணைப்பைத் தொட்டு வெளியே வருபவரின் முகவரியில் எஃப்பிசிஎல்ஐடி என்று தொடங்கும் நீண்ட குறி ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம், போன் செயலிக்குள்ளிருந்து வந்தால் யூசர் ஏஜென்ட்டிலும் ஃபேஸ்புக்கின் முத்திரை இருக்கும். சில ப்ரவுசர்கள் அந்தக் குறியை நீக்கிவிடும் என்பதால் ஒன்றிரண்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்கு வந்ததில் எதிலுமே இரண்டும் இல்லை.

பக்கத்தில் என் சொந்தச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் வைத்திருந்தேன். ப்ரவுசரின் நேர மண்டலம், மொழி, தொடுதிரை உண்டா, டேப் கண்ணுக்குத் தெரிகிறதா மறைந்திருக்கிறதா, தானியங்கியாக ஓட்டப்படும் ப்ரவுசர்கள் தாங்களே உயர்த்தும் வெப்டிரைவர் என்ற குறி, அவ்வளவுதான். யாரையும் அடையாளம் காட்டும் எதையும் சேமிக்கவில்லை. ஐபி ஒரு நாட்டைச் சொல்ல நேர மண்டலம் வேறு கண்டத்தைச் சொன்னது. போன் என்று சொல்லிக்கொண்டவற்றில் பலவற்றில் தொடுதிரையே இல்லை. திரை அளவு பெரும்பாலும் 800க்கு 600, தலையில்லா குரோமை (திரையில் தெரியாமல் ஓடும் குரோமை) திறந்தால் இயல்பாக வரும் அளவு அதுதான். அந்த அளவில் இப்போது யார் போன் விற்கிறார்கள்?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய சாட்சி கருவிதான். என் பழைய கருவிப் பக்கத்துக்குத் தானாகத் தேடி வரும் ஒருவர் என்ன செய்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தொகையில் ஐந்துக்குப் பின்னால் பூஜ்யங்களை அடிப்பார், ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று அழிப்பார். வட்டியை நிரப்புவார். தவணை அதிகமாகத் தெரிந்ததும் காலத்தை நீட்டிப் பார்ப்பார், மறுபடி தொகையைக் குறைப்பார். அந்தத் தயக்கம் முழுவதும் தட்டச்சில் தெரியும்: இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு நொடி, பிறகு ஐந்து நொடி யோசனை, பிறகு வேகமாக மூன்று எழுத்து. கடன் வாங்கலாமா வேண்டாமா என்று தவிக்கும் மனிதர் அங்கே இருக்கிறார். வாங்கிய வருகைகளில் ஒன்றுகூட ஒரு கட்டத்தையும் தொடவில்லை. சில பக்கம் உருண்டன, ஒவ்வொன்றும் ஒரே அளவு தூரம், ஒரே வேகம். உங்கள் தளத்தில் கருவி இல்லாவிட்டால் தேடல் பெட்டி, கருத்துப் பெட்டி, "மேலும் காட்டு" பொத்தான், வடிகட்டி என்று ஏதாவது இருக்கும். வந்தவருக்கு ஒன்று வேண்டும் என்றால் மட்டும் தொடக்கூடிய இடம் எதுவோ, அதில் கண் வையுங்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் வாங்கியது மலிவான சரக்கு, தடயங்களைத் தாராளமாக விட்டுச் சென்றது. எல்லாமே இப்படி இருக்காது. மெத்பாட் என்ற விளம்பர மோசடி வழக்கை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க நீதித்துறை 2018 நவம்பரில் வெளியிட்ட குற்றப்பத்திரிகையின்படி, அந்தக் கும்பல் டேட்டா சென்டர்களில் 1,900க்கும் மேற்பட்ட சர்வர்களை வாடகைக்கு எடுத்து, 6,50,000க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளைக் குத்தகைக்கு வாங்கி அவை வீட்டு இணைய இணைப்புகள் போலத் தெரியும்படி பதிவு செய்து, பொய் மவுஸை அசைத்து, பக்கத்தை உருட்டி, வீடியோவைப் பாதியில் நிறுத்தி, ஃபேஸ்புக்கில் லாகின் செய்திருப்பது போலவும் காட்டியது. விளம்பரதாரர்கள் 70 லட்சம் டாலருக்கு மேல் இழந்தார்கள். அதன் தலைவருக்கு 2021இல் 10 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே குற்றப்பத்திரிகையில் உள்ள ஈவ் (3ve) என்ற இன்னொரு மோசடி, வைரஸ் பாதித்த 17 லட்சத்துக்கும் மேற்பட்ட நிஜக் கணினிகளைப் பயன்படுத்தியது. அங்கே ஐபியும் நிஜம், ப்ரவுசரும் நிஜம், உட்கார்ந்திருப்பவருக்குத்தான் எதுவும் தெரியாது. விளம்பரத் துறையில் இதனால்தான் செல்லாத டிராஃபிக்கைச் சாதாரண வகை, நுட்பமான வகை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சாதாரண வகையை நீங்களும் நானும் லாகை வைத்துப் பிடித்துவிடலாம். நுட்பமான வகையில் மவுஸ் அசைவு, ஐபி, யூசர் ஏஜென்ட் எல்லாமே பொய் சொல்லும். அங்கேயும் பொய் சொல்வது கடினமான இடம் ஒன்று இருக்கிறது: தன் காசையோ தன் நேரத்தையோ செலவழித்துச் செய்ய வேண்டிய செயல். மின்னஞ்சலை உறுதி செய்வது, ஒரு வாரம் கழித்துத் தானாகத் திரும்பி வருவது, ஒரு பொருளை வாங்குவது.

விற்பவரின் சாட்டில் கேட்டுப் பார்த்தேன். "என் இணைப்பை எந்தத் தளங்களில் காட்டுகிறீர்கள்?" என்றதற்கு, "பார்ட்னர் நெட்வொர்க் சார், அதை வெளியே சொல்ல முடியாது" என்றார்கள். "கூகுளில் இல்லாத பக்கத்துக்குக் கூகுளிலிருந்து ஆள் வந்தது எப்படி?" என்று லாக் வரிகளோடு அனுப்பினேன். "அனலிட்டிக்ஸில் டெலிவரி முழுசா தெரியுது சார், ஆர்டர் கம்ப்ளீட்" என்பதுதான் பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விதிமுறைப் பக்கத்தைக் காட்டினார்கள்: அனலிட்டிக்ஸில் எண்ணிக்கை வந்துவிட்டால் ரீஃபண்ட் கிடையாது, விற்பனைக்கோ பதிவுக்கோ உத்தரவாதம் கிடையாது. முகப்பில் "நிஜ மனிதர்கள்" என்று பெரிய எழுத்தில் இருப்பதற்கும் இந்த நிபந்தனைக்கும் உள்ள தூரத்தை வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். விதிமுறைப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டாவது சேவை. பாப்-அண்டர் என்றால், ஒருவர் ஏதோ ஒரு தளத்தில் எங்கேயோ கிளிக் செய்யும்போது அவர் பார்க்கும் ஜன்னலுக்குப் பின்னால் உங்கள் பக்கம் இன்னொரு ஜன்னலாகத் திறந்துகொள்வது. இவர்கள் அதை மறைக்கவில்லை, அதனால்தான் ஒரு மதிப்பெண் கூடுதல். லாகில் எல்லாமே சரியாக இருந்தது: கொத்துக் கொத்தாகக் கோரிக்கைகள், இரவில் பள்ளம், நிஜ மொபைல் நெட்வொர்க் ஐபிகள், நேர மண்டலம் பொருந்துகிறது. முதல் சேவையைப் பிடித்துக் கொடுத்த எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது, இவர்கள் மனிதர்கள்தான். ஆனால் டேப் மறைந்திருக்கிறதா என்ற அந்த ஒரு வரியைப் பாருங்கள். பெரும்பான்மை வருகைகளில் தொடக்கம் முதல் கடைசி வரை மறைந்தேதான் இருந்தது. அனலிட்டிக்ஸ் 4 என்கேஜ்மென்ட் நேரத்தை டேப் முன்னால் இருக்கும்போது மட்டுமே கணக்கிடும் என்பதால் அங்கேயும் சராசரி நேரம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஜன்னலை மூடும்போது ஒரு நொடி கண்ணில் பட்டிருக்கலாம், எரிச்சலோடு.

"மனிதரா பாட்டா" என்று மட்டும் கேட்டால் போதாது என்பது இதனால்தான். ஆட்டோசர்ஃப் (தளங்கள் தானாக ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பது), டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் (ஒருவர் தளத்தை ஒருவர் மாற்றி மாற்றிப் பார்ப்பது), கிளிக் செய்தால் சில்லறை தரும் தளங்கள் எல்லாம் இதே வகை. உட்கார்ந்திருப்பவர் நிஜம்தான், அவர் பார்ப்பது டைமரை. அது முடிந்ததும் அடுத்த தளம். இந்த டிராஃபிக்கை விற்பவர் "எங்கள் வருகையாளர்கள் மனிதர்கள்" என்று சத்தியமே செய்யலாம், பொய் ஆகாது, உங்களுக்கு ஒரு பைசா பயனும் இருக்காது.

எதிர்ப்பக்கத் தவறும் செய்யக் கூடாது, அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே ஐபியிலிருந்து நிறைய வருகை என்றால் உடனே பாட் என்று தடை செய்துவிடுகிறார்கள். மொபைல் நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையிலான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. கல்லூரியும் அலுவலகமும் அப்படியே. ஐபியை மறைக்கும் விபிஎன் பயன்படுத்துபவர், அதே போன்ற ஆப்பிளின் பிரைவேட் ரிலே போட்டிருப்பவர் ஆகியோரின் ஐபி டேட்டா சென்டருடையதாகவே தெரியலாம். தனியுரிமைக்காக நேர மண்டலத்தை மாற்றிச் சொல்லும் ப்ரவுசர்களும் உண்டு. ஒரே ஒரு அறிகுறியை வைத்து யாரையும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். நான் மேலே சொன்னவற்றில் நான்கைந்து ஒரே வருகையில் ஒன்றாக வந்தன, எல்லா வருகைகளிலும் வந்தன, அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன். லாகில் கூகுள்பாட் (தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுளின் பாட்) என்று பார்த்தாலும் அப்படியே நம்ப வேண்டாம், பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். அந்த ஐபியின் ஹோஸ்ட் பெயரைத் தேடி அது கூகுளுடையதுதானா என்றும், அந்தப் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வருகிறதா என்றும் பார்த்தால் தெரிந்துவிடும்.

காசு போவதோடு நின்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். தளத்தில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் இருப்பவர்களுக்கு இது ஆபத்து. காசு கொடுத்துக் கிளிக் வாங்கும் சேவைகள், ஆட்டோசர்ஃப், கிளிக் எக்ஸ்சேஞ்ச் போன்ற மூன்றாம் தரப்புச் சேவைகளை ஆட்சென்ஸ் கொள்கை வெளிப்படையாகத் தடை செய்கிறது, டிராஃபிக் எங்கிருந்து வாங்கினாலும் பொறுப்பு தளத்தின் உரிமையாளருக்குத்தான். கணக்கு முடக்கப்பட்டால் வருடக்கணக்கான உழைப்பு போய்விடும். விற்பவர் போடும் "ஆட்சென்ஸ் சேஃப்" என்ற பச்சை முத்திரையைக் கூகுள் கொடுக்கவில்லை, அவர்களே வரைந்தது. அடுத்து, அனலிட்டிக்ஸ் தரவு கெட்டுப்போகும். எந்தக் கட்டுரை ஓடுகிறது, எந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் பார்த்து முடிவெடுக்கும் அதே எண்களில் இந்தக் குப்பை கலந்துவிடும், ரீமார்க்கெட்டிங் (வந்துபோனவர்களுக்கு விளம்பரம் காட்டும்) பட்டியலில் பாட்கள் சேர்ந்து அவற்றுக்கே மறுபடி விளம்பரம் காட்டிக் காசு கொடுப்பீர்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், எங்கே காட்டப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லும் விளம்பரத் தளத்தில் சிறிய தொகையில் வாங்குங்கள். அங்கேயும் போலிக் கிளிக் வரும், ஆனால் கூகுள் ஆட்ஸில் செல்லாத கிளிக்குகளுக்கென்று தனிப் பத்தியே இருக்கிறது, அவற்றுக்குக் கட்டணம் இல்லை. பவுன்ஸ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் எதையும் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உடனே செய்ய வேண்டியது: ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரை நிறுத்துங்கள், நிற்காவிட்டால் அந்த முகவரியை 410 (இந்தப் பக்கம் இனி இல்லை என்ற பதில்) ஆக்கிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் விளம்பரக் குறியீடு இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், ஆட்சென்ஸின் செல்லாத கிளிக் படிவத்தில் தேதிகளோடும் லாக் வரிகளோடும் நீங்களாகவே தெரியப்படுத்துங்கள். அனலிட்டிக்ஸ் 4இன் வடிகட்டிகள் பழைய தரவைத் தொடாது, ஆகவே அந்த நாட்களுக்கு ஒரு குறிப்பு போட்டு வைத்துவிட்டு, அறிக்கை பார்க்கும்போது அந்த யூடிஎம் குறியையும் அந்தப் பக்கத்தையும் விலக்கிப் பாருங்கள். லாக் கோப்பை டவுன்லோட் செய்து பத்திரப்படுத்துங்கள், பல ஹோஸ்டிங்குகள் அதைச் சில நாட்களில் அழித்துவிடும்.